இலக்கண எண்ணும் அறிதல் முறையும்: ஜான் லூசியின் யுகடெக் மாயா ஆய்வுகள்

1. முன்னுரை

மொழியின் இலக்கண அமைப்பு அதனைப் பேசுவோரின் சிந்தனைப் போக்கைப் பாதிக்கின்றதா என்னும் வினா மொழியியலுக்கும் மானிடவியலுக்கும் பொதுவானது. பெஞ்சமின் லீ உவோர்ஃப் (1897-1941) இவ்வினாவை வலுவாக எழுப்பினார். எனினும் அவர் மொழியமைப்புகளை ஒப்பிட்டாரேயன்றி, அம்மொழிகளைப் பேசுவோரின் மொழிசாராச் செயல்களைத் தனியே சோதித்தறியவில்லை. இக்குறையை நீக்க முற்பட்டோருள் அமெரிக்க மானிடவியலறிஞர் ஜான் லூசி குறிப்பிடத்தக்கவர்.

2. நிறச்சொல் ஆய்வுகளும் மறுப்பும்

1969-இல் பெர்லின், கே ஆகியோர் அடிப்படை நிறச்சொற்கள் பற்றிய நூலை வெளியிட்டனர். 1970-களின் தொடக்கத்தில் எலினார் ரோஷ், நியூகினியின் டானி மக்களிடம் நிற நினைவாற்றலை ஆராய்ந்தார். இவற்றின் விளைவாக, மொழி வேறுபாடு சிந்தனையைப் பாதிப்பதில்லை என்னும் கருத்து வலுப்பெற்றது. 1979-இல் லூசியும் ரிச்சர்டு ஷ்வேடரும் இதனை மறுபரிசீலனை செய்தனர். சோதனைக்குரிய நிற அட்டையில் குவிநிறங்கள் இயல்பாகவே எளிதில் பிரித்தறியத்தக்கனவாக அமைந்திருந்தன என்பதை அவர்கள் சுட்டினர். அச்சமமின்மை நீக்கப்பட்டபோது, குறுகிய கால நினைவில் அந்நிறங்களுக்கு இருந்த மேம்பாடு மறைந்தது.

ஒரு பண்பாட்டின் அளவுகோலைப் பொதுமையெனக் கொண்டு பிற மொழிகளை அளத்தல் பிழை என்பதே லூசி இதிலிருந்து பெற்ற பாடம். மொழியின் இலக்கணத்தை முதலில் விளக்கி, அதிலிருந்து கருதுகோளை வகுத்து, பின்னரே சோதிக்க வேண்டும் என்பது அவரது நெறி. 1992-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவரது இரு நூல்களும் இந்நெறியில் அமைந்தவை.

3. யுகடெக் மொழியின் எண் அமைப்பு

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் பேசப்படும் யுகடெக் மாயா மொழியில் பன்மை விகுதி கட்டாயமன்று. அது பெரும்பாலும் உயிருள்ளவற்றின் பெயர்களுடனேயே வருகின்றது. எண்ணுப்பெயரைத் தொடர்ந்து வகைப்படுத்தி வருதல் வேண்டும். மெழுகுவர்த்தியைக் குறிக்கும் தொடர், 'ஒரு நீண்ட மெல்லிய மெழுகு' என்றே பொருள்படும். வாழையைக் குறிக்கும் 'ஹாஸ்' என்னும் ஒரே பெயர், வகைப்படுத்தி மாறுவதற்கேற்பப் பழம், இலை, மரம் எனப் பொருள் வேறுபடும். தமிழ் இவ்வேறுபாட்டை வாழைப்பழம், வாழையிலை, வாழைமரம் எனத் தொகைச்சொற்களால் உணர்த்துகின்றது. ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் பலவற்றில் வடிவம் உள்ளடங்கியிருக்க, யுகடெக் பெயர்ச்சொற்களில் மூலப்பொருளே முதன்மை பெறுகின்றது என்பது லூசியின் விளக்கம்.

4. சோதனைகள்

யுகடெக் பேசுவோரும் ஆங்கிலம் பேசுவோரும் படங்களை விவரித்தும் நினைவுகூர்ந்தும் காட்டினர். ஆங்கிலம் பேசுவோர் உயிரினங்கள், கருவிகள் ஆகிய இரண்டின் எண்ணிக்கையையும் கருத்திற்கொண்டனர். யுகடெக் பேசுவோர் உயிரினங்களின் எண்ணிக்கையையே பெரிதும் கருதினர். மற்றொரு சோதனையில் அட்டைப்பெட்டி ஒன்றைக் காட்டி, அதனை ஒத்தது பிளாஸ்டிக் பெட்டியா, அட்டைத்துண்டா என வினவப்பட்டது. ஆங்கிலம் பேசுவோர் வடிவத்தையும் யுகடெக் பேசுவோர் மூலப்பொருளையும் தேர்ந்தனர்.

இம்முடிவு யுகடெக் மக்களின் அறிதிறன் குறைபாட்டைக் காட்டுவது எனக் கொள்ள இடமுண்டா? லூசியும் சூசன் கேஸ்கின்ஸும் சிறாரிடம் நிகழ்த்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையளிக்கின்றது. ஏழு வயதில் இரு மொழிச் சிறாரும் வடிவத்தையே தேர்ந்தனர். ஒன்பது வயதில் யுகடெக் சிறார் மூலப்பொருளை நோக்கித் திரும்பினர். எனவே மூலப்பொருள் சார்ந்த தேர்வு வளர்ச்சியின்மையன்று. வளர்ச்சியின் விளைவே ஆகும்.

இத்துறையில் மாற்றுக் கருத்தும் உண்டு. சீனம், ஜப்பானியம், ஆங்கிலம் பேசுவோரை ஒப்பிட்ட பெக்கி லீ முதலியோர் 2009-இல், இத்தகைய வேறுபாடுகள் சோதனை வினாவைப் புரிந்துகொள்ளும் முறையால் எழக்கூடும் என வாதிட்டனர். அவர்கள் கருத்துப்படி, பொருள்களைக் காணும் முறையையே மொழி மாற்றிவிடுகின்றது எனக் கூற இயலாது.

5. முடிவுரை

இவ்விவாதம் எவ்வாறு முடியினும், லூசியின் நெறி மொழிபெயர்ப்பாளருக்கும் பயன் தருவதாகும். தமிழிலும் அஃறிணைப் பெயர்களுக்குக் 'கள்' விகுதி கட்டாயமன்று. 'பத்து மாடு' என்பது குறையுடைய தொடரன்று. ஆங்கிலப் பன்மை தோன்றும் இடந்தோறும் 'கள்' சேர்ப்பது, ஒரு மொழியின் கட்டாயத்தைப் பிறிதொரு மொழியின் மீது சுமத்துவதாகும். மூலமொழி எதனைக் கட்டாயமாகக் குறிக்கின்றது, இலக்குமொழி எதனை விருப்பத்திற்கு விடுகின்றது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வதே முறையாகும்.