அடிபந்தாட்டத்தில் மாற்று எறிவாளர்களின் பயன்பாடு

மாற்று எறிவாளர் என்பவர் அடிபந்தாட்டத்தில் (பேஸ்பால்) ஆட்டத்தைத் தொடங்கிய எறிவாளருக்குப் பதிலாக, ஆட்டத்தின் இடையில் களமிறங்கிப் பந்தெறியும் வீரர் ஆவார். எந்தக் கட்டத்தில் தொடக்க எறிவாளரை வெளியே அழைப்பது, அவருக்குப் பின் யாரை அனுப்புவது, அணியின் மிகச்சிறந்த மாற்று எறிவாளரை எப்போது பயன்படுத்துவது ஆகிய முடிவுகளை அணி மேலாளர் எடுக்கிறார். ஆட்டத்தின் கடைசி மூன்று இன்னிங்சுகளில் மேலாளர் எடுக்கும் இம்முடிவுகள் வெற்றி தோல்வியை நேரடியாகத் தீர்மானிக்கக் கூடியவை. ஆகையால் இவ்விளையாட்டில் மிகுதியாக விவாதிக்கப்படும் உத்திகளுள் இதுவும் ஒன்றாகும்.

அடிப்படை விதிகள்

ஓர் ஆட்டம் வழமையாக ஒன்பது இன்னிங்சுகளைக் கொண்டது. ஒவ்வொரு இன்னிங்சிலும் ஒவ்வோர் அணியும் மூன்று ஆட்டமிழப்புகள் வரை மட்டையாடும். எனவே ஓர் அணியின் எறிவாளர்கள் முழு ஆட்டத்தில் 27 ஆட்டமிழப்புகளை எடுக்க வேண்டும்.

துடுப்பாட்டத்தில் (கிரிக்கெட்) ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவிட்டு, சில நிறைவுகளுக்குப் பின் அவரையே மீண்டும் அழைக்கலாம். அமெரிக்காவின் முதன்மைக் கூட்டிணைவுகளில் அதற்கு இடமில்லை. ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட வீரர் அதே ஆட்டத்தில் மீண்டும் விளையாட முடியாது. மேலாளரின் முடிவைக் கடினமாக்குவது இந்த ஒரு விதியே. ஏழாவது இன்னிங்சில் பயன்படுத்திவிட்ட எறிவாளர், பத்தாவது இன்னிங்சு வரை ஆட்டம் நீளும்போது கைவசம் இருக்கமாட்டார்.

மாற்று எறிவாளர்கள் களத்தின் ஓரத்தில் உள்ள 'புல்பென்' எனப்படும் பகுதியில் காத்திருப்பர். அழைப்பு வருவதற்கு முன்பே எழுந்து சில நிமிடங்கள் பந்தெறிந்து கையைப் பதப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆதலால் இன்னும் நிகழாத ஒரு நெருக்கடியை எதிர்பார்த்து மேலாளர் முன்கூட்டியே ஆணையிட வேண்டியுள்ளது. பதப்படுத்திய பின் அழைக்கப்படாமல் அமர்ந்துவிட்டாலும் அந்த எறிவாளரின் கை களைப்படைகிறது.

வகைகள்

* நீள் மாற்று எறிவாளர்: தொடக்க எறிவாளர் விரைவில் வீழ்ந்தாலோ காயமடைந்தாலோ பல இன்னிங்சுகள் எறிபவர்.
* இடைநிலை எறிவாளர்: ஆறாவது, ஏழாவது இன்னிங்சுகளில் பயன்படுத்தப்படுபவர்.
* முன்முடிப்பு எறிவாளர்: வழமையாக எட்டாவது இன்னிங்சை எறிபவர்.
* முடிப்பு எறிவாளர்: முன்னிலையில் இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்சை எறிந்து ஆட்டத்தை முடித்து வைப்பவர். பெரும்பாலும் அணியின் மிகச்சிறந்த மாற்று எறிவாளர் இவரே.
* இடக்கைச் சிறப்பு எறிவாளர்: இடக்கை மட்டையாளர் ஒருவரை மட்டும் எதிர்கொள்வதற்காகவே களமிறக்கப்பட்டவர். 2020ஆம் ஆண்டின் விதி மாற்றத்தால் இவ்வகையினர் ஏறத்தாழ மறைந்துவிட்டனர்.

வரலாறு

தொடக்க காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கிய எறிவாளரே அதை முடிப்பது வழக்கமாக இருந்தது. 1904ஆம் ஆண்டில் நியூயார்க் அணியின் ஜாக் செஸ்புரோ தாம் தொடங்கிய 51 ஆட்டங்களில் 48 ஆட்டங்களை முழுமையாக எறிந்து முடித்தார். இதற்கு மாறாக, 2024ஆம் ஆண்டில் 30 அணிகளும் தலா 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் மொத்தமாகவே 30க்கும் குறைவான முழு ஆட்டங்களையே பதிவு செய்தன. ஒரு நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றத்தின் அளவை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

1924ஆம் ஆண்டில் உலகத் தொடரை வென்ற வாசிங்டன் செனட்டர்சு அணியின் ஃபர்போ மார்பெரி, மாற்று எறிதலைத் தனித் திறனாகக் கொண்டு புகழ்பெற்ற முதல் வீரர்களுள் ஒருவர். 1950இல் பிலடெல்பியா பில்லீசு அணியின் ஜிம் கான்சுடான்டி 74 ஆட்டங்களில் மாற்று எறிவாளராக மட்டுமே விளையாடி, தேசியக் கூட்டிணைவின் மிகு மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். இவ்விருதைப் பெற்ற முதல் மாற்று எறிவாளர் இவராவார். 1974இல் லாசு ஏஞ்சலசு டாட்ஜர்சு அணியின் மைக் மார்சல் 106 ஆட்டங்களில் 208 இன்னிங்சுகள் எறிந்து, சை யங் விருதைப் பெற்ற முதல் மாற்று எறிவாளர் ஆனார். அக்காலத்தில் சிறந்த மாற்று எறிவாளர் ஒருவர் ஏழாவது இன்னிங்சிலேயே வந்து, ஆட்டம் முடியும்வரை எறிவது இயல்பாக இருந்தது.

காப்பு என்னும் புள்ளிவிவரம்

1959ஆம் ஆண்டில் பிட்சுபர்க் பைரேட்சு அணியின் ராய் ஃபேஸ் 18 வெற்றிகளும் ஒரே ஒரு தோல்வியும் கொண்ட சாதனையைப் படைத்தார். சிகாகோ நகரின் விளையாட்டு எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்சுமன் இவ்வெண்கள் உண்மையான நிலையை மறைப்பதாகக் கருதினார். ஃபேஸ் சில ஆட்டங்களில் தாமே முன்னிலையைப் பறிகொடுத்தபின் அவருடைய அணி மீண்டும் ஓட்டங்கள் எடுத்ததால் வெற்றி அவர் கணக்கில் சேர்ந்தது. முன்னிலையைக் காத்தவருக்கோ கணக்கில் எதுவும் சேரவில்லை. இக்குறையை நீக்க ஹோல்ட்சுமன் 'காப்பு' என்னும் அளவையை உருவாக்கினார். 1969ஆம் ஆண்டில் அது முதன்மைக் கூட்டிணைவுகளின் அலுவல்முறைப் புள்ளிவிவரமாக ஏற்கப்பட்டது.

வெற்றி பெற்ற அணிக்காக ஆட்டத்தை முடித்து, அதே சமயம் வெற்றி எறிவாளராகக் கணக்கிடப்படாத ஒருவர், பின்வருவனவற்றுள் ஒன்றை நிறைவு செய்தால் அவருக்குக் காப்பு வழங்கப்படும்:

* மூன்று ஓட்டங்களுக்கு மிகாத முன்னிலையில் வந்து, குறைந்தது ஓர் இன்னிங்சு எறிதல்.
* ஆட்டத்தைச் சமன் செய்யக்கூடிய எதிரணி வீரர் தளத்திலோ, மட்டையாடும் இடத்திலோ, அடுத்து மட்டையாடக் காத்திருக்கும் இடத்திலோ இருக்கும்போது களமிறங்குதல்.
* குறைந்தது மூன்று இன்னிங்சுகளைத் திறம்பட எறிதல்.

முடிப்பு எறிவாளரின் எழுச்சி

1979இல் சிகாகோ கப்சு அணியின் புரூசு சட்டர், பெரும்பாலும் முன்னிலையில் உள்ளபோது கடைசி இன்னிங்சுகளில் மட்டும் பயன்படுத்தப்பட்டு சை யங் விருதை வென்றார். இம்முறையை முழுமையாக்கியவர் ஓக்லாந்து அத்லெட்டிக்சு அணியின் மேலாளர் டோனி லா ருஸ்ஸா. முன்பு தொடக்க எறிவாளராக இருந்த டென்னிசு எக்கர்சுலி 1987இல் அவ்வணிக்கு வந்தார். லா ருஸ்ஸா அவரை ஒன்பதாவது இன்னிங்சுக்கு என ஒதுக்கினார். அதற்கு முந்தைய இன்னிங்சுகளை வேறு எறிவாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார். 1992இல் எக்கர்சுலி 69 ஆட்டங்களில் 80 இன்னிங்சுகள் மட்டுமே எறிந்து, 51 காப்புகளுடன் சை யங் விருதையும் மிகு மதிப்புமிக்க வீரர் விருதையும் ஒருங்கே பெற்றார். மார்சலின் 208 இன்னிங்சுகளுடன் இதனை ஒப்பிட்டால் பணியின் தன்மை எவ்வளவு சுருங்கியது என்பது புலப்படும்.

விரைவில் எல்லா அணிகளும் இம்முறையைப் பின்பற்றின. நியூயார்க் யாங்கீசு அணியின் மரியானோ ரிவேரா 652 காப்புகளுடன் முதலிடத்தில் உள்ளார். டிரெவர் ஹாஃப்மன் 601 காப்புகளுடன் அடுத்த இடத்தில் உள்ளார். ஒரே பருவத்தில் மிகுதியான காப்புகள் எடுத்தவர் பிரான்சிசுகோ ரொட்ரிகசு (2008இல் 62). 2019இல் ரிவேரா வாக்களித்த அனைவரின் ஆதரவையும் பெற்றுப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். இவ்வாறு ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் வீரர் அவரே.

மேலாளர் கருத்தில் கொள்பவை

* மட்டையாளர் வரிசையின் சுற்று: ஒரே எறிவாளரை மூன்றாவது முறையாகச் சந்திக்கும் மட்டையாளர்கள் முதல் முறையைவிடச் சிறப்பாக ஆடுகின்றனர். களைப்பும், எறியைப் பழகிக்கொள்வதும் இதற்குக் காரணங்கள். எனவே நன்றாக எறிந்துகொண்டிருப்பவரையும் மேலாளர்கள் ஐந்தாவது அல்லது ஆறாவது இன்னிங்சில் வெளியே அழைக்கின்றனர்.
* கைப்பழக்கம்: பொதுவாக வலக்கை எறிவாளருக்கு எதிராக இடக்கை மட்டையாளரும், இடக்கை எறிவாளருக்கு எதிராக வலக்கை மட்டையாளரும் சிறப்பாக ஆடுவர்.
* களைப்பு: முந்தைய நாட்களில் யார் எத்தனை பந்துகள் எறிந்தார் என்பது முக்கியமானது. ஒருவரைத் தொடர்ந்து மூன்று நாட்கள் பயன்படுத்த மேலாளர்கள் தயங்குவர்.
* மட்டையாட்ட வரிசை: தேசியக் கூட்டிணைவில் 2021ஆம் ஆண்டு வரை, 2020 பருவம் நீங்கலாக, எறிவாளரும் மட்டையாட வேண்டியிருந்தது. அவர் முறை வரும்போது சிறந்த மட்டையாளரை அனுப்பினால் எறிவாளரை இழக்க நேரும். 2022 முதல் இரு கூட்டிணைவுகளிலும் எறிவாளருக்குப் பதில் மட்டையாடத் தனி வீரர் நியமிக்கப்படுவதால் இச்சிக்கல் நீங்கியது.

ஒன்பதாவது இன்னிங்சு குறித்த விவாதம்

ஒன்பதாவது இன்னிங்சின் தொடக்கத்தில் மூன்று ஓட்ட முன்னிலை பெற்றுள்ள அணி நூற்றுக்கு ஏறத்தாழ 97 முறை வெல்கிறது. ஓர் ஓட்ட முன்னிலையில் இது ஏறத்தாழ 85 முறையாகக் குறைகிறது. ஆனால் காப்புக் கணக்கில் இரண்டும் ஒன்றே. மறுபுறம், ஏழாவது இன்னிங்சில் ஆட்டம் சமனாக இருந்து எல்லாத் தளங்களிலும் எதிரணி வீரர்கள் நிற்கும்போது வந்து காப்பாற்றியவருக்குக் காப்பு கிடையாது.

இதனை அளக்க டாம் டாங்கோ என்னும் புள்ளிவிவர ஆய்வாளர் 'நெருக்கடிச் சுட்டெண்' ஒன்றை உருவாக்கினார். அதில் சராசரிச் சூழலின் மதிப்பு 1 ஆகும். அடுத்த நிகழ்வு வெற்றி வாய்ப்பை எவ்வளவு மாற்றக்கூடுமோ அதற்கேற்ப இம்மதிப்பு உயரும். சிறந்த எறிவாளரை இன்னிங்சின் எண்ணைப் பார்த்து அன்றி, சுட்டெண் மிகும் இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது ஆய்வாளர்களின் வாதம்.

மேலாளர்களின் மறுப்பிலும் பொருள் உண்டு. எட்டாவது இன்னிங்சின் நெருக்கடியே ஆட்டத்தின் இறுதி நெருக்கடி என்று அந்நேரத்தில் எவராலும் உறுதியாகக் கூற முடியாது. தம் முறை எப்போது வரும் என்று அறிந்த எறிவாளர் உடலையும் மனத்தையும் ஒழுங்காக ஆயத்தம் செய்ய முடிகிறது. மேலும், வீரர்களின் ஊதியமும் நெடுங்காலம் காப்புகளின் எண்ணிக்கையைச் சார்ந்திருந்தது.

குறிப்பிடத்தக்க முடிவுகள்

2003, அமெரிக்கக் கூட்டிணைவு இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம்: பாசுடன் ரெட் சாக்சு அணி எட்டாவது இன்னிங்சில் 5-2 என முன்னிலையில் இருந்தது. களைப்படைந்த பெட்ரோ மார்ட்டினெசு ஓர் ஓட்டம் கொடுத்தபின் மேலாளர் கிரேடி லிட்டில் எறிமேட்டுக்குச் சென்று பேசினார். ஆனால் அவரை மாற்றவில்லை. யாங்கீசு அணி 5-5 எனச் சமன் செய்தது. பின்னர் யாங்கீசு மேலாளர் ஜோ டோரி, ரிவேராவை மூன்று இன்னிங்சுகள் எறியச் செய்தார். பதினொன்றாவது இன்னிங்சில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னால் யாங்கீசு வென்றது. லிட்டிலின் ஒப்பந்தம் அதன்பின் நீட்டிக்கப்படவில்லை.

2007, சப்பான் தொடர், ஐந்தாவது ஆட்டம்: சுனிச்சி டிராகன்சு அணியின் யமாய் டைசுகே எட்டு இன்னிங்சுகளில் ஒரு மட்டையாளரைக்கூடத் தளத்தை எட்டவிடவில்லை. முன்னிலை 1-0 மட்டுமே. இன்னும் மூன்று ஆட்டமிழப்புகள் எடுத்தால் தனியொருவராக மாசற்ற ஆட்டம் என்ற அரிய சாதனை அவருக்குக் கிட்டியிருக்கும். மேலாளர் ஒச்சியாய் ஹிரோமிட்சு அவரை நிறுத்திவிட்டு, முடிப்பு எறிவாளர் இவாசே ஹிட்டோகியை அனுப்பினார். இவாசே மூவரையும் ஆட்டமிழக்கச் செய்தார். 1954க்குப் பின் முதன்முறையாக அவ்வணி சப்பான் தொடரை வென்றது. எனினும் ஒரு வீரரின் வாழ்நாள் சாதனையை அணியின் வெற்றிக்காகப் பலியிடலாமா என்ற கேள்வி சப்பானில் பெரும் விவாதத்தை எழுப்பியது.

2016, அமெரிக்கக் கூட்டிணைவு தகுதி ஆட்டம்: பால்டிமோர் அணியின் சாக் பிரிட்டன் அப்பருவத்தில் கிடைத்த 47 வாய்ப்புகளிலும் காப்பு எடுத்திருந்தார். டொராண்டோவில் ஆட்டம் 2-2 எனச் சமனாக நீண்டது. முன்னிலை கிடைத்தபின் பயன்படுத்தலாம் என்று மேலாளர் பக் சோவால்டர் அவரைக் காத்து வைத்தார். முன்னிலை வரவேயில்லை. பதினொன்றாவது இன்னிங்சில் உபால்டோ ஹிமெனெசு எறிந்த பந்தை எட்வின் என்கார்னசியோன் மூன்று ஓட்ட ஹோம் ரன்னாக்கினார். பிரிட்டன் ஒரு பந்துகூட எறியாமல் அணியின் பருவம் முடிந்தது. அதே ஆண்டில் கிளீவ்லாந்து மேலாளர் டெர்ரி பிராங்கோனா தம் சிறந்த மாற்று எறிவாளர் ஆண்ட்ரூ மில்லரை ஒன்பதாவது இன்னிங்சுக்குக் காத்திராமல் நெருக்கடி எழுந்த இடத்திலேயே பயன்படுத்தினார். மில்லர் அமெரிக்கக் கூட்டிணைவு இறுதித் தொடரின் மிகு மதிப்புமிக்க வீரராகத் தேர்வானார்.

2020, உலகத் தொடர், ஆறாவது ஆட்டம்: தாம்பா பே ரேசு அணியின் பிளேக் சுனெல் ஆறாவது இன்னிங்சு வரை இரண்டே அடிகளைக் கொடுத்து, 1-0 என்ற முன்னிலையைக் காத்திருந்தார். மட்டையாளர் வரிசை மூன்றாம் முறை தொடங்கவிருந்ததால் மேலாளர் கெவின் கேசு 73 பந்துகளுடன் அவரை வெளியே அழைத்தார். அதே இன்னிங்சில் லாசு ஏஞ்சலசு டாட்ஜர்சு முன்னிலை பெற்று, 3-1 என வென்று தொடரைக் கைப்பற்றியது. 2003இல் மாற்றாததற்காகவும் 2020இல் மாற்றியதற்காகவும் மேலாளர்கள் கண்டிக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

அண்மைக்கால மாற்றங்கள்

2018 மே மாதத்தில் தாம்பா பே அணி, மாற்று எறிவாளரான செர்கியோ ரோமோவை முதல் இன்னிங்சை மட்டும் எறியச் செய்தது. எதிரணியின் சிறந்த மட்டையாளர்கள் முதல் இன்னிங்சில் வருவது உறுதி என்பதே இதன் அடிப்படை. 'திறப்பு எறிவாளர்' எனப்படும் இம்முறையைப் பிற அணிகளும் கையாண்டன.

2020 முதல் களமிறங்கும் எறிவாளர் குறைந்தது மூன்று மட்டையாளர்களை எதிர்கொள்ள வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்சை முடிக்க வேண்டும். காயம், நோய் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதே ஆண்டு முதல் வழமையான பருவ ஆட்டங்களின் கூடுதல் இன்னிங்சுகள் இரண்டாம் தளத்தில் ஒரு வீரருடன் தொடங்குகின்றன. இதனால் பத்தாவது இன்னிங்சில் வரும் எறிவாளர் முதல் பந்திலிருந்தே நெருக்கடியைச் சந்திக்கிறார். இறுதிச்சுற்றுத் தொடர்களில் இவ்விதி பின்பற்றப்படுவதில்லை. ஆகவே அங்கு புல்பென்னில் எத்தனை எறிவாளர்களை மீதம் வைப்பது என்ற பழைய கணக்கு மேலாளருக்கு இன்றும் தொடர்கிறது.