புகையும் டர்போவும்

அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் உப்பு ஏற்றிய லாரி ஒன்று எங்கள் புதியம்புத்தூரைத் தாண்டிப் போனால், லாரி கண்ணுக்கு மறைந்த பிறகும் கரும்புகை ரோட்டிலேயே நிற்கும். லோடு வண்டி நன்றாக இழுக்க வேண்டும் என்று பம்பில் டீசலைக் கூட்டி வைப்பார்கள். உள்ளே போகிற காற்று அதற்குப் போதாது. டீசல் எரிந்தும் எரியாமலும் வெளியே வரும். அதுதான் அந்தக் கருமை. ‘புகை கக்கினால்தான் வண்டிக்கு இழுவை’ என்ற நம்பிக்கை நம் ஆட்களிடம் அப்படித்தான் வேர் விட்டது.

அந்த நம்பிக்கை இன்னும் போகவில்லை. பழைய காரை வாங்கி வீட்டிலேயே டர்போ மாட்ட ஆசைப்படும் பையன்கள், முதல் வேலையாகப் புகையைக் குறைக்கும் பாகங்களைக் கழற்றிப் போடுகிறார்கள். டர்போவும் அந்தப் பாகங்களும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பு. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

டர்போவுக்கு வயது நூற்றுக்கு மேல். ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் 1905-இல் அதற்குக் காப்புரிமை கேட்டார். வீணாகப் போகும் சைலன்சர் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்ற வைப்பது. அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது. சின்ன டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலேயும் சுற்றும். 1920-களில் இது கப்பல் எஞ்சின்களுக்கு வந்தது. காருக்கு வர 1962 ஆயிற்று. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலெட் கார்வேர் என்ற இரண்டு கார்களில் முதலில் வைத்தார்கள். அழுத்திய காற்று சூடாகும். பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து எஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டும். அதைத் தடுக்க ஜெட்ஃபயரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குத் தனித் தொட்டி. பலர் அதை நிரப்ப மறந்தார்கள். கார் மறு வருஷமே நின்றுபோனது.

அதே காலத்தில்தான் புகைக்கும் கடிவாளம் போட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கண்ணை எரிக்கும் புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகள் முக்கியக் காரணம் என்று ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் 1950-களில் காட்டினார். அதன் பலனாக, எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியைத் திரும்ப இழுத்து எரிக்கும் பி.சி.வி. வால்வு 1961-இல் கலிஃபோர்னியா கார்களுக்கு வந்தது. 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது.

நம் நாட்டில் 1989-இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தன. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் அந்தக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் அப்போதே வந்தது. பிறகு 2000-இல் யூரோ அளவு, அப்புறம் பாரத் ஸ்டேஜ், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6. விதி இறுக இறுக லாரிக்காரர்களுக்கு டர்போ தேவைப்பட்டது. காற்று தாராளமாகப் போனால் டீசல் முழுதாக எரியும். புகை குறையும், இழுவையும் கூடும். ஆக, நம் ரோட்டில் டர்போவைப் பரவலாக்கியதில் புகைச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எஞ்சினை முறுக்கேற்றும் வித்தை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பழைய போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் பல வருஷம் கார் பந்தயம் நடந்தது. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்கள் கட்டி, இளைஞர்களை ஓட்ட வைத்தார். ஆனால் அது பந்தயத் தடம். அங்கே வண்டியின் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வருவதில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் இன்ஜெக்‌ஷன் மாருதி 800-க்கு டர்போ வைக்கப் போகிறானாம். “அந்த டப்பாவை எடுத்துட்டா வண்டி பறக்கும் தாத்தா” என்றான். டப்பா என்றது கன்வெர்ட்டரை. அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

சாதாரண எஞ்சினில் காற்றை உள்ளே இழுக்கும் குழாயில் உறிஞ்சல் இருக்கும். டர்போ வேலை செய்யும்போது அதே குழாயில் அழுத்தம் ஏறும். பி.சி.வி. வால்வு ஒருவழியாக இறுக மூடாவிட்டால் அந்த அழுத்தம் எஞ்சின் அடிப்பகுதிக்குள் புகுந்து ஆயில் சீலைத் தள்ளிவிடும். ஆயில் ஒழுகினால் குற்றம் வால்வுடையது அல்ல, டர்போவுக்குத் தக்கபடி அதை மாற்றாததுதான். அதேபோல, பெட்ரோல் கார் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்ய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். தட்டாமல் இருக்கட்டும் என்று பெட்ரோலை அளவு மீறிக் கூட்டினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். பிறகு ‘டப்பாதான் வண்டியை அடக்குகிறது’ என்பார்கள். டியூனிங் தப்பு, பழி டப்பாவுக்கு.

புகைப் பரிசோதனையும் பழைய மாதிரி இல்லை. பழைய கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை விட்டார்கள். பாரத் ஸ்டேஜ் 2-க்குப் பிந்தைய பெட்ரோல் காருக்கு அளவு அதைவிட மிகக் குறைவு. தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத டர்போவோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கைவேலைத் திறமை நல்ல சொத்து. எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பையனை நான் எப்போதும் மதிப்பேன். அவன் பந்தயத் தடத்துக்கென்று ஒரு வண்டி கட்டட்டும், அங்கே ஓட்டட்டும். கரிசல் காட்டில் கோடையில் பறக்கிற புழுதியே நம் நெஞ்சுக்குப் போதும். அதற்கு மேல் கரும்புகை வேண்டாம்.