செருப்புத் தைத்த சட்ட மேதை

பாலவாக்கத்திலிருந்து வடக்கே சிறிது தொலைவில், அடையாற்றில், 1948ஆம் ஆண்டு தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்கு நெடுநாள் முன்பே பெரியமேட்டிலும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டிலும் தோல் தொழில் நம்மவர் கையில் செழித்திருந்தது. அச்செல்வம் கல்விச் சாலைகளாக மலர்ந்ததையும் நாம் அறிவோம். திருச்சியில் 1951இல் எழுந்த கல்லூரி, தோல் வணிகப் பெருந்தகை ஜமால் முகம்மது சாகிபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறித்தோம், பொறிக்கத்தான் வேண்டும். ஆனால், அத்தோலை அறுத்துத் தைத்துக் காலணியாக்கிய கைவினைஞருள் ஒருவர் பெயராவது நம் நினைவில் உண்டா?

ஒருவர் உண்டு. பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்தவர். ஹனஃபி சட்ட மேதை இமாம் அபூபக்ர் அஹ்மத் அல்-கஸ்ஸாஃப் (ரஹ்).

கஸ்ஸாஃப் என்பது குலப்பெயரன்று. செருப்புக்கு அடித்தோல் சேர்த்துத் தைப்பவர் என்பதே பொருள். ஆதமும் ஹவ்வாவும் சுவனத்து இலைகளைத் தம்மேல் சேர்த்துக்கொண்டதைத் திருமறை இதே வேர்ச்சொல்லால்தான் கூறுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்ததிலும் அச்சொல்லே வருகிறது. இத்தனை சிறப்புடைய தொழிலை நம் நாட்டில் இழிவென்று ஒதுக்கினார்கள். சமத்துவம் பேசும் நம் வீடுகளிலும் சம்பந்தம் பேசும் வேளையில் அந்த ஒதுக்கல் தலைகாட்டாமல் இல்லை.

கையால் அடித்தோல் தைப்பது எளிதன்று. மெழுகிட்ட நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, குத்தூசி இட்ட ஒரே துளையில் இரண்டையும் எதிரெதிராக நுழைத்து இறுக்க வேண்டும். ஓரிடத்தில் ஓரிழை அறுந்தாலும் மற்றோர் இழை தாங்கும். வாங்குபவர் கண்ணுக்குப் படாத இடத்தில் நடக்கும் வேலை இது. தைப்பவரின் நாணயம் ஒன்றே அதற்குக் காவல்.

இமாமவர்கள் இத்தொழிலின் வருவாயிலேயே உண்டு பற்றற்று வாழ்ந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கலீஃபா முஹ்ததீ அவரைப் பெரிதும் மதித்தார். நிலவரி பற்றி ஒரு நூலை இமாம் அவருக்காகவே எழுதினார். அரசவைச் செல்வாக்கு எவ்வளவு நிலையற்றது என்பது விரைவில் தெரிந்தது. 870இல் படையினர் கிளர்ந்து கலீஃபாவைக் கொன்றபோது இமாமின் வீடும் சூறையாடப்பட்டது. அவர் எழுதிய நூல்கள் சில அன்று அழிந்தன. ஹஜ்ஜுக் கிரியைகள் குறித்து எழுதி, இன்னும் வெளிவராதிருந்த நூலும் அவற்றுள் ஒன்று. எண்பதை நெருங்கிய வயதில், ஹிஜ்ரி 261இல் பக்தாதிலேயே மறைந்தார்.

எஞ்சிய நூல்களே போதும், அவர் பெருமை சொல்ல. காஜி எப்படி வழக்கு விசாரிக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. மனைவி மக்களின் ஜீவனாம்சத்திற்கு ஒன்று. எல்லாவற்றினும் நமக்கு நெருங்கியது வக்ஃபுச் சட்ட நூல். ஒருவர் தம் சொத்தைப் பிள்ளைகளுக்கென்றோ ஏழைகளுக்கென்றோ எழுதிவைத்தால் அச்சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து ஆராய்கிறார். இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்கள் இரண்டு. ஒன்று ஹிலால் அல்-ரஃய் எழுதியது, மற்றது இது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த தராபுலுஸீ இரண்டையும் சுருக்கி ஒரே நூலாக்கினார்.

இமாமைப் பின்பற்றத்தக்க மேதை என்று போற்றியவருள் ஒருவர் ஷம்சுல் அயிம்மா ஹல்வானி. அவர் பெயருக்குக் காரணமோ இனிப்புப் பண்ட வியாபாரம்! அக்கால அறிஞர்கள் தொழிற்பெயரை மறைக்கவில்லை. நூலின் முகப்பிலேயே எழுதிக்கொண்டார்கள்.

வட ஆற்காட்டுத் தோல் வணிகர்கள் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் ஹனஃபி முறைப்படி வக்ஃபு எழுதிவைத்தபோது, அந்த முறையை முதன்முதலில் வகுத்து எழுதியவர்களுள் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவரும் இருந்தார் என்பதை எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்?