மௌனம் கலைத்த பெற்றோர்

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வழியே, தன்பால் உறவை இலங்கையிலே குற்றமாக்கியது ஆங்கில ஆட்சி. 1995ஆம் ஆண்டுத் திருத்தமோ பெண்களையும் அவ்வலைக்குள் இழுத்தது. பிள்ளைக்குச் சிறை என்றது சட்டம். பெற்றோருக்கு அது விதித்த எழுதாத் தண்டனை மௌனம்.

அம்மௌனத்தைப் பெற்றோரே கலைத்த வரலாறு நாம் அறியத்தக்கது. நியூயோர்க் நகரத்து ஆரம்பப் பாடசாலை ஆசிரியை ஜீன் மன்போர்ட், தன்பால் விழைவுடைய தம் மகன் தாக்கப்பட்டதைப் பொறாது, 1972இல் பத்திரிகைக்குக் கடிதம் வரைந்தார். மகனோடு உரிமை ஊர்வலத்திலும் நடந்தார். மறுவருடம் மார்ச்சில், தேவாலயமொன்றிலே சுமார் 20 பேர் கூடினர். பின்னர் அமெரிக்கா எங்கும் கிளைத்த பெற்றோர் சங்கம் அன்று பிறந்தது.

இந்தியாவிலே, இவ்வகைச் சட்டமான 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்திய 2009ஆம் ஆண்டு டில்லித் தீர்ப்பைக் காக்க, 19 பெற்றோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2013இல் தோல்வி கண்டனர். 2017இல் மும்பாயில் ‘ஸ்வீகார்’ என்னும் பெற்றோர் அமைப்பு தோன்றிற்று. 2018இல் அம்மன்றமே தன் பழைய தீர்ப்பை மாற்றியது.

நம் நாட்டிலும், இக்குற்றப் பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023இல் உரைத்தது. ஆயினும், சட்டம் மாறினாலும் வீட்டுக் கதவு தானே திறவாது. ஒரு தாயின் துயரைக் கேட்க இன்னொரு தாய் வேண்டும். சங்கத்தின் பயன் அதுவே.

2004 கடற்கோளிலே, பிள்ளையைத் தேடிக் கரையெங்கும் அலைந்த உம்மாமாரைக் கல்முனை கண்டது. பிள்ளையை இழப்பது யாதென இக்கரை அறியும். உயிரோடுள்ள பிள்ளையை ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி இழத்தல் தகுமோ?