‘நிரம்பியிருக்குமே’: நிபந்தனைத் தொடரில் நடவாமைப் பொருள் எங்கே இருக்கிறது?

“கல்வராயன் மலையில் மழை பெய்திருந்தால் கோமுகி நிரம்பியிருக்கும்.” உளுந்தூர்பேட்டைப் பேருந்து நிலையத்தில் நின்று ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். மலையடியில் கச்சிராயபாளையம் பக்கம் இருக்கும் கோமுகி அணை அவர் கண்ணுக்கு எட்டாது. முந்தைய இரவு மேற்கே மின்னியதைப் பார்த்தவர் என்றால் அவர் சொல்வது ஊகம்: பெய்ததோ என்னவோ, பெய்திருந்தால் இந்நேரம் நிரம்பிவிட்டிருக்கும். நடவு தள்ளிப்போன உழவர் என்றால் அதே தொடர் ஆற்றாமை: பெய்யவில்லை, நிரம்பவுமில்லை. வினைவடிவம் இரண்டுக்கும் ஒன்றே. ஆங்கிலமோ முன்னதற்கு ‘இஃப் இட் ரெயின்ட்’ என்றும் பின்னதற்கு ‘இஃப் இட் ஹேட் ரெயின்ட்’ என்றும் வேறுவேறு வடிவம் வைத்திருக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கொண்டு ஒரு சாரார் இரண்டு முடிவுகளுக்கு வந்தனர். நடவாத நிபந்தனையைச் சுட்டத் தமிழில் இலக்கண வடிவமே இல்லை என்பது ஒன்று. அதனால்தான் நம் மாணவர்கள் ‘இஃப் இட் ஹேட் ரெயின்ட்’ என்னும், ஆங்கில நிபந்தனைத் தொடரின் மூன்றாம் வகையில் இடறுகின்றனர் என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் முடிவுக்கு அவர்கள் நன்னூலைத் துணைக்கு அழைப்பதுண்டு. ‘செயின்’ என்னும் வினையெச்ச வாய்பாட்டை நன்னூலார் எதிர்காலத்துக்கு உரியதாக வைத்தார். ஆகவே தமிழ் நிபந்தனை எப்போதும் வரப்போவதையே நோக்கும் என்பது வாதம். ஆனால் ‘செயின்’ வினைப்பகுதியோடு நேரே ‘இன்’ சேர்ந்த வடிவம். அதில் கால இடைநிலை இல்லை. இன்று வழங்கும் ‘செய்தால்’ இறந்தகால அடியின்மேல் நிற்பது. ஒன்றுக்குச் சொன்ன விதியை மற்றொன்றின்மேல் ஏற்றக் கூடாது. ‘நாளை மழை பெய்தால்’ என்று வருவதைக் காட்டி, அந்த இடைநிலை வெறும் எச்சமே, அதற்குக் கால மதிப்பில்லை என்பர். சரி, ஆனால் ‘இஃப் இட் ரெயின்ட் டுமாரோ’ என்பதிலும் இறந்தகால வடிவம் இறந்தகாலத்தைக் குறிக்கவில்லையே. இப்படி இறந்தகால வடிவம் நிகழ்விலிருந்து விலகி நிற்பதைக் குறிப்பது பல மொழிகளில் உண்டென்று மொழியியலாளர் சபீன் ஐயாட்ரிடூ 2000இல் விரிவாகக் காட்டினார். ‘பெய்தால்’ அந்தக் கூட்டத்துக்கு அந்நியமன்று.

ஆங்கில மூன்றாம் வகை மட்டும் நடவாமையை உறுதியாகச் சொல்லிவிடுகிறதா? தருக்கவியலாளர் ஆலன் ராஸ் ஆண்டர்சன் 1951இலேயே இதை மறுத்துவிட்டார். ஒருவர் ஆர்செனிக் உண்டிருந்தால் இன்ன அறிகுறிகள்தாம் தோன்றியிருக்கும்; அவையே தோன்றியுள்ளன; ஆகவே உண்டிருக்கலாம். ‘ஹேட்’ போட்டுச் சொன்ன இத்தொடரின் முன்பகுதி பொய்யாக வேண்டியதில்லை. நடவாமை அங்கும் வினைவடிவத்தில் முற்றாக அடைபட்டுக் கிடக்கவில்லை. வடிவம் ஒரு சாய்வைத் தருகிறது. எஞ்சியதைச் சூழல் முடிக்கிறது. தமிழில் அந்தச் சாய்வு எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

அது நிபந்தனை எச்சத்தில் இல்லை, முடிவு வினையில் ஏறும் ஏகாரத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. “மழ பேஞ்சிருந்தா கோமுகி நெரம்பியிருக்குமே” என்று சொல்லிப் பாருங்கள். வறண்ட ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தவரின் பேச்சாகவே அது காதில் விழுகிறது. அதன்பின் “ஆத்துல சொட்டுத் தண்ணி இல்ல” என்று தொடர்வது இயல்பாக இருக்கிறது. “நெரம்பிடுச்சா இல்லையானு தெரியல” என்று தொடர்ந்தால் ஒட்டவில்லை. ஏகாரத்தை எடுத்துவிட்டால் இரண்டு தொடர்ச்சியும் ஒட்டும். பேசுபவர் முடிவு நிகழவில்லை என்பதைக் கண்கூடாக வைத்து, அதிலிருந்து நிபந்தனையும் நிகழவில்லை என்று பின்னோக்கிச் செல்கிறார். தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொன்ன ஐந்து பொருள்களில் தேற்றமே இதற்கு மிக அருகில் வருகிறது. தேற்றப்படுவது நிகழ்ச்சியன்று, நிபந்தனைக்கும் முடிவுக்கும் உள்ள கட்டு. எல்லாச் சூழலுக்கும் இது பொருந்தும் என்று சொல்லத் துணியமாட்டேன். ‘இந்நேரம் வந்திருப்பானே’ போன்ற தனித்தொடர்களில் ஏகாரம் வெறும் எதிர்பார்ப்போடு நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் நிபந்தனையோடு சேர்ந்தால் அதன் சாய்வு ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. இது இலக்கணமன்று, குரலேற்றம் என்போருக்கு ஒரு பதில் போதும்: குரலேற்றம் எழுத்தில் வராது, இந்த ஏகாரம் எழுத்திலும் நிற்கிறது.

எதிர்மறையிலும் ஒரு தடயம் உண்டு. ‘பெய்யாமல் இருந்திருந்தால்’ என்று ‘இரு’ இரட்டித்து வரும்போது, ஏகாரம் இல்லாமலே தொடர் நடவாமைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இதைத் தனியே ஆராய வேண்டும்.

இனி வகுப்பறை. ‘இஃப் இட் வுட் ஹேவ் ரெயின்ட்’ என்று மாணவர் எழுதினால் தாய்மொழித் தாக்கம் என்று சிவப்பு மையால் சுழிக்கிறோம். தமிழைத் தாக்கவிட்டிருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. ஆல் ஈற்று எச்சம் எதிர்கால இடைநிலையை ஏற்காது. எதிர்கால வடிவம் முடிவு வினைக்கே உரியது. ‘பெய்திருந்தால்’, ‘நிரம்பியிருக்கும்’: ‘ஹேட்’ ஒருபுறமும் ‘வுட்’ மறுபுறமும் நிற்கும் அதே பங்கீடு. தவிர, இப்பிழை அமெரிக்கரின் பேச்சிலும் பரவலாக உண்டு. அவர்களுக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது? ‘இரு’ இருபுறமும் வருகிறதே என்ற மறுப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘ஹேவ்’ கூடத்தான் இருபுறமும் வருகிறது.

தமிழர்க்கு உண்மையான சுமை வேறிடத்தில் இருக்கிறது. ‘பணம் இருந்தால் தருவேன்’ என்பது சட்டைப்பையைத் தடவிக்கொண்டே சொல்வதாகவும் இருக்கலாம், கையில் காசில்லை என்று தெரிந்தே சொல்வதாகவும் இருக்கலாம். ஆங்கிலம் பிரிக்கும் இந்த முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடையே தமிழ் கோடு போடவில்லை. நிபந்தனை ஒரு காலத்திலும் விளைவு வேறொரு காலத்திலும் நிற்கும் கலப்பு வகை இன்னும் கடினம். ‘ஐப்பசியில் பெய்திருந்தால் நிரம்பியிருக்கும்’ என்றால், நிரம்பியிருப்பது அப்போதா, இந்தத் தையிலா? தமிழில் ‘இன்னும்’, ‘அப்போதே’ போன்ற ஒரு சொல் அதைத் தீர்க்கும். ஆங்கிலத்தில் வினையே ‘வுட் ஹேவ் பீன் ஃபுல்’ என்றும் ‘வுட் பி ஃபுல்’ என்றும் பிரிந்தாக வேண்டும். ‘இஃப்’பை நீக்கி ‘ஹேட்’டை முன்னே நிறுத்தும் பயிற்சியில் செலவாகும் பாடவேளைகளில் ஒரு பங்கையாவது இந்த ‘நிரம்பியிருக்கும்’ பெற வேண்டும்.