நினைவக வலயங்களும் அவற்றின் வரலாற்றுப் பின்னணியும்

வரலாற்றுச் சான்றுகள் கல்வெட்டிலும் ஏட்டிலும் மட்டுமே கிடைப்பன என்ற எண்ணம் கலைப்பீட மாணவரான எம்மிடையே உண்டு. கணனியின் இயக்க முறைமையும் அத்தகைய சான்றொன்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. லினக்ஸ் முறைமையின் உட்கரு, அதாவது நினைவகத்தைப் பங்கிட்டளிக்கும் மையப்பகுதி, இதற்கு நல்லதோர் உதாரணமாகும்.

1984ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஏ.ரீ. கணனியில் இன்ரெல் 80286 செயலி இடம்பெற்றது. அதன் முகவரிக் கம்பிகள் 24. எனவே 16 மெகாபைற்றுக்கு அப்பால் அதனால் எட்ட இயலாது. செயலியின் துணையின்றி நினைவகத்தை நேரடியாக அணுகும் துணைக்கருவிகளுக்கும் இதுவே எல்லையாயிற்று. நினைவகம் கிலோபைற்றுகளில் அளக்கப்பட்ட அக்காலத்தில் இது குறையாகத் தோன்றவில்லை.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸை உருவாக்கியபோது, அவர் பயன்படுத்திய 386 செயலி 4 கிகாபைற் வரை எட்டவல்லது. ஆயினும் பழைய துணைக்கருவிகளும் உடன் வந்தன. ஆகவே நினைவகம் கோரும்போது, எப்பகுதியிலிருந்து வேண்டுமென்பதையும் தெரிவிக்க வேண்டியதாயிற்று. கோரிக்கையுடன் அனுப்பப்படும் எண்ணின் ஒவ்வொரு பிற்றும் ஒரு கொடியாகக் கொள்ளப்பட்டது.

2001இல் வெளிவந்த 2.4ஆம் பதிப்பு, 32 பிற் கணனியின் நினைவகத்தை மூன்று வலயங்களாக வகுத்தது: 16 மெகாபைற் வரை டி.எம்.ஏ. வலயம், அதிலிருந்து 896 வரை இயல்பு வலயம், அதற்கு மேல் உயர் வலயம். 64 பிற் கணனிகள் பரவியபின், 2006இல் வெளியான 2.6.15ஆம் பதிப்பில் 4 கிகாபைற்றுக்கு உட்பட்ட டி.எம்.ஏ.32 வலயம் சேர்ந்தது.

பின்னர் அமைந்த ஒழுங்கில் டி.எம்.ஏ. 1, உயர் வலயம் 2, டி.எம்.ஏ.32 4, இடம்பெயர்க்கத்தக்கது 8 எனக் கடைசி நான்கு பிற்றுகள் வலயத்தைச் சுட்டுகின்றன. கொடியேதும் இல்லையெனில் இயல்பு வலயமே பொருள். இந்நான்கினாலும் அமையக்கூடிய 16 சேர்க்கைகளுள் 8 தம்முள் முரண்பட்டவையாதலால் தவறெனத் தள்ளப்படுகின்றன.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது பங்கீட்டு முறையாகும். உயர் வலயத்தைக் கோருவோர் அங்கு இடமின்றேல் கீழிறங்கிப் பெறலாம், டி.எம்.ஏ. கோருவோர் மேலேறிப் பெறவியலாது. இதனால், மேலே கிகாபைற் கணக்கில் இடம் வெறிதே கிடக்கையிலும், கீழ்வலயம் தீர்ந்ததால் ஒரு கோரிக்கை தோல்வியுறக்கூடும். இதனைத் தவிர்க்கவே, மேலிருந்து வருவோர் முற்றாக எடுத்துவிடாதவாறு கீழ்வலயத்தில் ஒரு பங்கு ஒதுக்கிக் காக்கப்படுகிறது.

ஆக, 1984இன் கம்பி எண்ணிக்கை, அக்கணனி வழக்கொழிந்த பின்னரும் ஒரு பிற்றாக நிலைத்தது. வசதிக்காக வகுக்கப்படும் எல்லை, வகுத்த தேவையினும் நெடிது வாழும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.