தெளிவும் மங்கலும்



நான் கல்லூரியை விட்டுப் பிரியும்போது எங்கள் வகுப்பைப் படம் எடுத்தார்கள். முன்னே நாற்காலிகளில் ஆசிரியர்கள். பின்னே மூன்று வரிசைகளில் மாணவர்கள். படம் கைக்கு வந்தபோது ஆசிரியர்களின் மூக்குக் கண்ணாடி விளிம்புகூடத் துல்லியமாகத் தெரிந்தது. கடைசி வரிசையில் நின்ற நாங்களோ பனிமூட்டத்தில் நிற்பவர்களைப் போலிருந்தோம். “நீங்கள் அசைந்துவிட்டீர்கள்” என்றார் படம் பிடித்தவர். ஒரு வரிசை முழுவதுமா ஒருங்கே அசையும் என்று கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை.

விடையை ஒளியியல் தருகிறது. லென்ஸ், ஒரு குறித்த தூரத்தில் உள்ள பொருளையே முற்றும் கூர்மையாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் படத்தில் சிறு வட்டமாக விரியும். அவ்வட்டம் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியதாயிருக்கும் வரையில் அதைத் தெளிவு என்றே கொள்கிறோம். அந்த எல்லையே தெளிவின் ஆழம். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் பெருகும். பொருளை நெருங்கினாலும், நின்ற இடத்திலேயே குவியத் தூரம் மிகுந்த லென்ஸைப் பொருத்தினாலும் அது குறையும்.

இந்த ஆழத்தைப் பற்றியே ஒரு நீண்ட வழக்கு நடந்தது. கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையாருக்கு, 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். இங்கிலாந்தில், வைட் தீவிலிருந்த தம் வீட்டுக் கோழிக் கூண்டையே அவர் படக்கூடமாக்கினார். ஒளியை மெதுவாக ஏற்கும் கண்ணாடித் தகடு, அகன்ற துவாரம், மிக அருகில் முகம்: ஆகவே கண்கள் தெளிந்து, கூந்தலும் தோளும் மங்கின. ஒளிபடும் நேரம் நிமிடக் கணக்கில் நீண்டதால் அமர்ந்தவரின் அசைவும் சேர்ந்துகொண்டது. புகைப்படப் பத்திரிகைகள் இதனைக் கைப்பிழை என்று எள்ளின. அம்மையார் தளரவில்லை. எது முறையான குவியம் என்று தீர்ப்பளிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று, வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலுக்கு 1864-இல் எழுதிய கடிதத்தில் கேட்டார். 1867-இல் அவ்வறிஞரையே படமெடுத்தார். அதில் வெண்முடி இருளில் கரைய, பார்வை மட்டும் நம்மைத் தொடுகிறது. 1875-இல் இலங்கை சென்ற அவர், களுத்துறையில் உழைக்கும் மக்களையும் படமெடுத்து, 1879-இல் இலங்கையிலேயே காலமானார்.

பின்வந்தோர் பலர் மங்கலையே ஓர் அலங்காரமாக்கிக் கொண்டார்கள். அதற்கு மறுப்பாக 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கண்காட்சி எழுந்தது. ஆன்ஸல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் முதலியோர் தம் குழுவுக்கு ‘எஃப் 64’ என்று பெயரிட்டார்கள். துவாரத்தின் விட்டம், குவியத் தூரத்தில் 64-இல் ஒரு பங்கு என்பது அதன் பொருள். 12 அங்குலக் குவியத் தூரமுள்ள லென்ஸில் அது கால் அங்குலத்துக்கும் குறைவு. அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள மலையும் ஒருங்கே தெளிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இவர்களுள் வெஸ்டன், இளமையில் மங்கலான உருவப் படங்களால் புகழ் பெற்றவர் என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் தெளிவுக்கும் விலை உண்டு. எஃப் 8-இலிருந்து எஃப் 64-க்குச் சென்றால் புகும் ஒளி 64-இல் ஒரு பங்காகும். ஒரு வினாடி போதுமாயிருந்த இடத்தில் 64 வினாடி வேண்டும். வெஸ்டன் 1930-இல் எடுத்த புகழ்பெற்ற குடமிளகாய்ப் படத்துக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. குடமிளகாய் பொறுத்திருந்தது, குழந்தை பொறுத்திருக்குமா?

எங்கள் வகுப்புப் படத்தின் பிழை இப்போது விளங்கியிருக்கும். அசைவன்று, அகன்ற துவாரமே காரணம். இரண்டாம் வரிசையில் குவியம் வைத்து, துவாரத்தைச் சுருக்கியிருந்தால் நாங்களும் பிழைத்திருப்போம்.

மாணவ நண்பர்களே, காமரன் அம்மையாரின் மங்கல் அவர் மனமறிந்து கொண்டது. எங்கள் படத்தின் மங்கல் அறியாமையால் நேர்ந்தது. இரண்டையும் வேறுபடுத்துவது விதியைப் பற்றிய அறிவே. அதைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு எதைத் தெளிவாக்குவது, எதை மங்க விடுவது என்பது உங்கள் பொறுப்பு. பின்வரிசையில் நிற்பவனை மட்டும் மறந்துவிடாதீர்கள்.